பதினைந்து வயதாகப் போகிறது, மகனுக்கு இன்னும் குரல் உடையவில்லை

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பத்தாம் வகுப்பு படிக்கும் அவருடைய மூத்த மகனுக்கு 14 வயது 10 மாதம் ஆகிறது. உயரம் 148 சென்டிமீட்டர், எடை 37 கிலோ. மீசை அரும்பவில்லை, குரல் உடையவில்லை. ஒரு வயது இளையவனான சித்தப்பா மகன் இவனைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டான். சிலிண்டர் கொண்டுவருபவர் தொலைபேசியில் அழைக்கும்போது இவன் எடுத்துப் பேசினால், "சரிங்கம்மா, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வைக்கிறாராம். அன்றிலிருந்து பையன் தொலைபேசியையே தொடுவதில்லை. கபடிப் பயிற்சிக்குப் போவதையும் நிறுத்திவிட்டான். உறவினர் ஒருவர் ஹார்மோன் ஊசி போடச் சொல்கிறார், இன்னொருவர் ஜிம்முக்கு அனுப்பச் சொல்கிறார். இரவு நேரத் தொலைக்காட்சி விளம்பரத்தைப் பார்த்து 4,800 ரூபாய்க்கு ஒரு லேகியம் வாங்கிக் கொடுத்தும் பயனில்லை. ஆறு வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி காரணமாக இருக்குமோ, கெட்ட பழக்கம் ஏதும் இருக்குமோ, நாளைக்கு இவனுக்குக் கல்யாணம், குழந்தை என்று ஆகுமோ என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "என் கணவரிடம் சொன்னால், நானும் அப்படித்தான் இருந்தேன், தானாகச் சரியாகிவிடும் என்று பேச்சை முடித்துவிடுகிறார்."

அம்மா, நீங்கள் குறையாக எழுதியிருக்கும் அந்தக் கடைசி வரிதான், மருத்துவன் என்ற முறையில், உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பயன்பட்ட வரி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், எதை வைத்து "இன்னும் வரவில்லை" என்று முடிவு செய்கிறோம் என்பதைப் பார்த்துவிடுவோம்.

மீசை கடைசியில் வருவது

ஆண் பிள்ளை பருவமடைவதை வெளியுலகம் மீசையையும் குரலையும் வைத்தே கணக்கிடுகிறது. உடலோ அந்த வேலையை வேறொரு இடத்தில், யார் கண்ணுக்கும் படாமல் தொடங்குகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோன்கள் தூண்டுவதால் விரைகள் பெரிதாகத் தொடங்குவதுதான் முதல் அடையாளம். பெரும்பாலான பையன்களுக்கு இது பன்னிரண்டு வயதையொட்டி நிகழ்கிறது என்றாலும், 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் எப்போது தொடங்கினாலும் இயல்பு என்றே கொள்கிறோம். அதன் பிறகு பிறப்புறுப்பைச் சுற்றி முடி வளரும், ஆணுறுப்பு வளரும், பின்னர்தான் கிடுகிடுவென்று உயரும் கட்டம் வரும். குரல் உடைவது ஏறக்குறைய நடுவழியில். மேலுதட்டின் ஓரங்களில் அரும்பு தெரிவது அதற்கும் பின்னால். தொடக்கம் முதல் முடிவு வரை நான்கைந்து ஆண்டுகள் ஆகும். ஆகவே குரலும் மீசையும் வரவில்லை என்பதாலேயே ஒன்றும் தொடங்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஒருவேளை ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம்.

அதை அறிய எங்களிடம் ஓர் எளிய கருவி இருக்கிறது. சிறியதிலிருந்து பெரியது வரை, முட்டை வடிவத்தில் பன்னிரண்டு மணிகளை ஜபமாலைபோலக் கோத்து, ஒவ்வொன்றின் மேலும் அதன் கனஅளவை எழுதியிருப்பார்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆந்திரேயா பிராடர் என்ற குழந்தை மருத்துவர் உருவாக்கியது. பையனின் விரையைத் தொட்டுப் பார்த்து, எந்த மணிக்கு ஒப்பாக இருக்கிறது என்று மருத்துவர் மதிப்பிடுவார். நான்கு மில்லிலிட்டர் மணியை எட்டிவிட்டால் பருவம் தொடங்கிவிட்டது என்று பொருள். 14 வயது முடிந்தும் அந்த அளவை எட்டவில்லையென்றால் மட்டுமே "தாமதம்" என்ற சொல்லை நாங்கள் பயன்படுத்துகிறோம். உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். ஆனால் அவனை இதுவரை எந்த மருத்துவரும் பரிசோதித்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. லேகியத்துக்கு முன்பு நடந்திருக்க வேண்டியது அது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவன் குளிக்கும்போது தம்பியை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கவலையில் செய்தது என்று புரிகிறது, ஆனாலும் இனி வேண்டாம். அது உங்களுக்குத் தகவல் எதையும் தராது. அவனுக்கோ வீட்டுக்குள்ளும் ஒளிய இடமில்லை என்று தோன்றிவிடும்.

அப்பா சொன்னதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்

பருவம் தாமதமாகும் பையன்களில் பெரும்பாலோருக்கு நோய் என்று எதுவும் இருப்பதில்லை. உடலின் கடிகாரம் இரண்டு மூன்று ஆண்டுகள் மெதுவாக ஓடுகிறது, அவ்வளவுதான். இதை இயல்பு வழிப் பருவத் தாமதம் என்கிறோம். இது குடும்பத்தில் ஓடும் சங்கதி; இப்படி வரும் பையன்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அப்பா, அம்மா அல்லது நெருங்கிய இரத்த உறவில் யாராவது ஒருவர் அதேபோலத் தாமதமாக வளர்ந்திருப்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், நம் ஊரில் பெண் வயதுக்கு வந்தால் நாள், நட்சத்திரம், தாய்மாமன் சீர் என்று எல்லாம் பதிவாகிவிடுகிறது. நாற்பது ஆண்டு கழித்துக் கேட்டாலும் பாட்டி தேதி சொல்வார். ஆண் பிள்ளைக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. ஆகவே அப்பாக்களிடம் "நீங்கள் எப்போது பருவமடைந்தீர்கள்?" என்று கேட்டால் சங்கடமாகச் சிரிப்பார்களே தவிர பதில் வராது. நான் கேள்வியை மாற்றிக் கேட்பது வழக்கம். முதல் சவரம் செய்தது பள்ளியிலா, கல்லூரியிலா? பத்தாம் வகுப்புக் குழுப் புகைப்படத்தில் எந்த வரிசை? தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் முன்வரிசை என்றால் அதுவே பாதிப் பதில். உங்கள் மாமியார் ஒருமுறை, கல்லூரி முதலாண்டில் இவருடைய பேன்ட்டெல்லாம் ஒரே வருடத்தில் கெண்டைக்காலுக்கு ஏறிவிட்டது, புதிதாகத் தைத்துக் கட்டுப்படியாகவில்லை என்று சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டு வயதில் அப்படி வளர்ந்தவர் இன்று 170 சென்டிமீட்டர் உயரம், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். உங்கள் கணவர் பேச்சைத் தட்டிக்கழிக்கவில்லை. தம் குடும்ப மருத்துவ வரலாற்றைச் சொல்லியிருக்கிறார், ஒரே வரியில் சொன்னதுதான் அவர் செய்த தவறு.

இன்னொரு சான்றும் உங்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பதாகவும், பொங்கலுக்கு வண்ணம் அடிக்கும்போதுகூட அந்த ஒரு நிலையை விட்டுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோடுகளின்படி 12 வயதில் 136, 13-இல் 140.5, 14-இல் 144.5, இப்போது 148. அதாவது ஆண்டுக்கு நான்கு முதல் நாலரை சென்டிமீட்டர். பருவமடையாத பையனின் சீரான வளர்ச்சி இது. பருவ வேகம் உச்சத்தில் இருக்கும்போது ஒரே ஆண்டில் ஒன்பது, பத்து சென்டிமீட்டர் வரை உயர்வார்கள். அவன் வகுப்புத் தோழர்கள் இப்போது அந்த வேகத்தில் இருப்பதால்தான் இவன் நின்றுவிட்டதுபோலத் தெரிகிறது. வளர்ச்சி உண்மையிலேயே நின்றுபோன பையனின் கோடுகள் இப்படி இருக்காது.

பெற்றோர் உயரத்தை வைத்து ஒரு கணக்கும் போடலாம். அப்பாவின் 170, அம்மாவின் 156, அவற்றோடு 13 சேர்த்து இரண்டால் வகுத்தால் 169.5 வருகிறது. பையன்களுக்கு இதையொட்டி எட்டு சென்டிமீட்டர் மேலோ கீழோ அமைவது வழக்கம். தாமதமாக வளரும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் மருத்துவரிடம் போக வேண்டியதில்லையா?

போக வேண்டும். உங்கள் கணவரின் கணிப்பு சரியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றாலும், "தானாகச் சரியாகிவிடும்" என்பது பரிசோதித்த பிறகு சொல்ல வேண்டிய வாக்கியம், பரிசோதிக்காமல் இருப்பதற்கான காரணமன்று. இயல்பான தாமதத்தைப் போலவே தோற்றமளிக்கும், ஆனால் மருத்துவம் தேவைப்படும் நிலைகள் சில உண்டு.

தைராய்டு குறைபாடு, நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, குடல் சத்துகளை உறிஞ்சாத நோய்கள், தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறு, கடுமையான ஊட்டக்குறைவு ஆகியவை பருவத்தைத் தள்ளிப்போடும். வீசிங்குக்கோ தோல் நோய்க்கோ நீண்ட காலம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் அப்படி ஆகலாம். பிட்யூட்டரியில் கட்டி இருந்தால் தலைவலி, பார்வை மங்கல், அளவுக்கு மீறிய தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல் போன்றவை சேர்ந்து வரும். இவற்றில் ஏதேனும் இருந்தால் தேர்வு முடியட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே காட்டுங்கள். குழந்தைப் பருவத்தில் விரை இறங்காமல் இருந்து அறுவை சிகிச்சை செய்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

நான் கேட்கும் கேள்விகளில் பெற்றோருக்கு வேடிக்கையாகத் தோன்றும் ஒன்று உண்டு: அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தால் பையனுக்கு வாசனை தெரிகிறதா? கருவில் குழந்தை வளரும்போது, பருவத்தைத் தொடங்கிவைக்கும் நரம்பு அணுக்கள் மூக்குப் பகுதியில் உருவாகி, மணம் அறியும் நரம்புகளின் வழியாகவே மூளைக்குப் போய்ச் சேர்கின்றன. அந்தப் பயணம் தடைபட்டால் மணமும் தெரியாது, பருவமும் தானாக வராது. கால்மன் நோய்க்குறி என்று பெயர். அரிதானதுதான், ஆனால் காத்திருப்பதால் சரியாகாது. பிறந்ததிலிருந்தே மணம் தெரியாதவனுக்கு அது ஒரு குறை என்றே தெரிந்திருக்காது என்பதால் நாம்தான் கேட்டறிய வேண்டும்.

பரிசோதனைகளைப் பொறுத்தவரை, நேரில் பார்ப்பதுதான் முதன்மையானது. அடுத்து இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரே. எலும்பு முனைகளின் முதிர்ச்சியைக் கொண்டு "எலும்பு வயது" கணிப்பார்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு எலும்பு வயது பன்னிரண்டு என்று வந்தால் பெற்றோர் திடுக்கிடுகிறார்கள். உண்மையில் அது ஆறுதலான செய்தி, வளர்வதற்கு இன்னும் காலம் மிச்சமிருக்கிறது என்பதே அதன் பொருள். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், அதைத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., தைராய்டு, புரோலாக்டின், இரத்த அணுக்கள், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். எல்.எச்., எஃப்.எஸ்.எச். மிகுதியாக இருந்தால் விரையிலேயே கோளாறு என்று கருதி குரோமோசோம் பரிசோதனை செய்வார்கள். குறைவாக இருந்தால், அது வெறும் தாமதமா நிரந்தரக் குறைபாடா என்று முதல் நாளே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துத்தான் தெளிவு கிடைக்கும். ஆகவே ஒரே சந்திப்பில் தீர்ப்பு வழங்காத மருத்துவரைக் குறை சொல்லாதீர்கள்.

பொன்னுக்கு வீங்கியைப் பற்றிய பயத்தை விட்டுவிடலாம். அது விரையைத் தாக்குவது பெரும்பாலும் பருவமடைந்த பிறகு வரும்போதுதான். ஆறு வயதில் வந்ததால் இப்படி ஆகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் "கெட்ட பழக்கம்" என்று குறிப்பிடுவது சுய இன்பம் என்றால், அதற்கும் பருவத் தாமதத்துக்கும் எள்ளளவும் தொடர்பில்லை. அது உயரத்தைக் குறைக்காது, விந்தை வற்றச் செய்யாது, பின்னாளில் குழந்தைப் பேற்றைத் தடுக்காது. இதை வைத்து அவனிடம் விசாரணை எதுவும் வேண்டாம்.

ஊசி, பவுடர், லேகியம்

ஹார்மோன் ஊசியைப் பற்றி இரண்டு எதிரெதிரான நம்பிக்கைகள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. போட்டால் உடனே வளர்ந்துவிடுவான் என்கிறார் உறவினர். போட்டால் உயரம் அத்தோடு நின்றுவிடும் என்று அஞ்சுகிறீர்கள் நீங்கள். இரண்டும் அரை உண்மை. இயல்பான தாமதத்தில், 14 வயதைக் கடந்த பையன் மனதளவில் மிகவும் வாடுகிறான் என்றால், மாதம் ஒருமுறை 50 மில்லிகிராம் அளவில் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை மூன்று முதல் ஆறு மாதம் வரை கொடுப்பதுண்டு. இந்தக் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, எலும்பு வயதைக் கண்காணித்துக் கொடுத்தால் இறுதி உயரம் குறைவதில்லை. அதிக அளவில், கணக்கின்றிக் கொடுத்தால் எலும்பு முனைகள் சீக்கிரம் மூடிக்கொண்டு உயரம் உண்மையிலேயே நின்றுவிடும். ஆகவே மருந்துக் கடையில் தெரிந்தவரிடம் சொல்லி ஊசி வாங்கிப் போடும் யோசனையை அடியோடு கைவிடுங்கள்.

ஊசியால் முடியும் குரலும் உயரமும் மாறும், ஆனால் விரைகள் பெரிதாவதில்லை. ஊசியை நிறுத்திச் சில மாதங்களில் விரைகளும் வளர்ந்திருந்தால் அவனுடைய சொந்தச் சுரப்பிகள் விழித்துக்கொண்டன என்று அறிந்துகொள்கிறோம். அப்படி விழிக்காவிட்டால் நிரந்தரக் குறைபாடா என்று மேலும் ஆராய வேண்டும். அந்த நிலையிலும் தொடர் சிகிச்சை உண்டு. பின்னாளில் குழந்தைப் பேற்றுக்கென்று தனியாக ஊசி மருந்துகளும் இருக்கின்றன. திருமணமே ஆகாது என்று இன்றே ஒரு முடிவுக்கு வருவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

ஊசி போடாமல் ஆறு மாதம் காத்திருப்பதும் முறையான மருத்துவமே. இரண்டில் எது என்பதை அவனுடைய வருத்தத்தின் அளவைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும், உறவினர்களின் அவசரத்தைக் கொண்டன்று. கபடியை விட்டவன், தொலைபேசியைத் தொடாதவன் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், எலும்பு வயதும் இரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கும்பட்சத்தில், குறுகிய கால ஊசி பற்றி மருத்துவரிடம் பேசிப்பார்க்கலாம் என்றே நினைக்கிறேன். முடிவில் அவனுடைய சம்மதமும் சேர்ந்திருக்க வேண்டும்.

உடற்பயிற்சி நல்லது, ஜிம்மில் கொடுக்கும் டப்பாக்களைத் தொட வேண்டாம். தசைக்காகப் போடப்படும் ஊசிகளிலும் மாத்திரைகளிலும் இருப்பது பெரும்பாலும் இதே வகை ஹார்மோன்தான், அளவு மட்டும் பன்மடங்கு. முட்டை, பால், பயறு, மீன் ஆகியவற்றை வீட்டிலேயே கொடுங்கள். 37 கிலோ எடைக்கு அவன் காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

லேகியத்தை நிறுத்திவிடுங்கள். முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்களைப் பற்றி நான் சொல்லவில்லை. என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று டப்பாவில் எழுதாத மருந்தைப் பற்றிச் சொல்கிறேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கன்னம் உப்பும், பசி கூடும், பையன் தேறிவிட்டான் என்று தோன்றும். உள்ளே வளர்ச்சி நின்றுபோகும். ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாகவும் உயரத்தைக் கூட்டுவதாகவும் விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் ஏற்கெனவே தடுக்கிறது. சட்டம் எழுபது ஆண்டுகளாக இருக்கிறது, விளம்பரங்களும்தான் இருக்கின்றன. மிச்சமிருக்கும் லேகியத்தை எறிந்துவிடாமல், மருத்துவரிடம் டப்பாவோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அவனிடம் யார் பேசுவது?

உங்கள் கணவர் பேசட்டும். உங்களால் முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை. "நானும் அப்படித்தான் இருந்தேன்" என்ற வாக்கியத்தை வீட்டில் வேறு யாராலும் சொல்ல முடியாது. இதுவரை அதை உங்களிடம் மட்டுமே சொல்லியிருக்கிறார், கேட்க வேண்டியவன் காதில் அது விழவே இல்லை. உட்காரவைத்து அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. வண்டியில் போகும்போதோ தோட்டத்தில் மோட்டார் போடும்போதோ, பழைய குழுப் புகைப்படத்தைக் காட்டி, "இதில் நான் எங்கே இருக்கிறேன், கண்டுபிடி பார்ப்போம்" என்று தொடங்கினால் போதும். சித்தப்பா மகனோடு முதுகோடு முதுகு நிறுத்தி அளக்கும் விளையாட்டை இனி வீட்டில் அனுமதிக்காதீர்கள். பள்ளியில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்றால், வகுப்பாசிரியரைத் தனியே சந்தித்துச் சொல்லுங்கள். மகனுக்குத் தெரியாமல் அல்ல, அவனிடம் கேட்டுவிட்டு. பள்ளிக்கே போக மறுத்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்பதுபோலப் பேசினாலோ, ஹார்மோனை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் மனநல ஆலோசகரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவர் உங்கள் ஊரில் இல்லையென்றால், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் தொடங்குங்கள். டெஸ்டோஸ்டிரோன் அளவு காலையில்தான் சரியாகத் தெரியும் என்பதால், எட்டு மணி வாக்கில் இரத்தம் எடுக்கும்படி போய்ச் சேருங்கள். எப்படிப் பரிசோதிப்பார்கள் என்பதை அவனுக்கு முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் அப்பா உடனிருப்பதா, மருத்துவர் மட்டுமா என்பதை அவன் சொல்லட்டும், நீங்கள் வெளியே காத்திருங்கள். தனியாகச் சில நிமிடம் மருத்துவரோடு பேச அவன் விரும்பினால் விடுங்கள், வந்த பிறகு என்ன பேசினாய் என்று கேட்காதீர்கள். கதவு நிலையில் உள்ள கோடுகளை, ஒவ்வொன்றுக்கும் நேரே தேதி போட்டு, ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அடுத்த கோட்டைப் பிறந்தநாளுக்கு முன்னால் போட வேண்டாம். மாதா மாதம் அளந்தால் அவனும் நீங்களும்தான் களைத்துப்போவீர்கள்.